அருகிவரும் உயிரினங்களுக்காக ஒரு கலைப்பணி: ரெசிடென்சி முதல் கண்காட்சி வரை முழுமையான வழிகாட்டி

ஓவியமோ சிற்பமோ ஒளிப்படமோ ஒலிப்பதிவோ, உங்கள் ஊடகம் எதுவாக இருந்தாலும், அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உயிரினத்துக்காக ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் கொஞ்ச காலமாக உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். யாரைக் கேட்பது, எந்த ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பது, அங்கே போய் என்ன செய்வது, வந்தபின் எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று புரியாமல் அது எண்ணமாகவே நின்றுபோயிருந்தால் இதைப் படியுங்கள். ரெசிடென்சி என்றால் ஒரு கலைஞர் சில வாரங்களோ மாதங்களோ ஓரிடத்தில் தங்கி, அந்த இடத்தையும் அங்குள்ளவர்களையும் ஒட்டி வேலை செய்வது. அது காடாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

புலியை வரைந்து கீழே "காப்போம்" என்று எழுதிய படங்கள் உலகத்தில் போதுமான அளவு இருக்கின்றன. அந்தப் படத்தால் புலிக்கு ஏதோ ஒரு நல்லது நடந்தது என்று சொல்லக்கூடிய வேலைகள்தான் குறைவு. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேலையால் அந்த உயிரினத்துக்கு என்ன கிடைக்கப் போகிறது? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்து வருபவைதான்.

படி 1: ஓர் உயிரினம், அது அழிவதற்கான ஒரு காரணம்

"பல்லுயிர்", "இயற்கை" என்று அகலமாகத் தொடங்காதீர்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யு.சி.என். 1964 முதல் பராமரித்துவரும், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் சிவப்புப் பட்டியலைத் திறந்தால், அச்சுறுத்தலில் இருப்பவையாக மட்டும் 47,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் நிலை, எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, எங்கே வாழ்கிறது, எதனால் அழிகிறது, எந்த ஆண்டு மதிப்பிடப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். உங்களுக்கு மிக முக்கியமானது "எதனால் அழிகிறது" என்ற பகுதி. பலரும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தெற்காசியாவின் பாறு கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து விழத் தொடங்கின. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணிதான் காரணம் என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து கொடுக்கப்பட்ட மாடு இறந்து, அந்த உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது.

இது தெரிந்தவுடன் ஒரு கலைஞருக்கு என்ன மாறுகிறது பாருங்கள். இந்தக் கழுகின் கதையில் முடிவெடுக்கும் மனிதர்கள் மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள். அப்படியென்றால் உங்கள் பார்வையாளர்களும் அவர்கள்தான். காட்சிக்கூடத்துக்கு வழக்கமாக வருபவர்கள் அப்புறம்தான். காரணத்தைப் பிடித்துவிட்டால் பார்வையாளர் தானாகவே கிடைத்துவிடுவார், வடிவமும் பாதி கிடைத்துவிடும்.

இன்னொன்று. புலி, யானை, பாண்டாவுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். தவளை, நன்னீர் மீன், நத்தை, செடி பற்றி எழுதவோ வரையவோ ஆளே இல்லை. அங்கே உங்கள் ஒரு வேலைக்கு உள்ள எடை மிக அதிகம், அந்த உயிரினத்தை ஆராய்பவரும் உங்களை வாசல்வரை வந்து வரவேற்பார்.

படி 2: எங்கே தங்குவது

நான்கு வகை இடங்கள் இருக்கின்றன. முதலாவது, இயற்கையை மையமாக வைத்துக் கலைஞர்களுக்காகவே நடத்தப்படும் ரெசிடென்சிகள். அமேசான் காட்டில் லாப்வெர்டே, அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் சிட்கா மையம், வடதுருவப் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளைச் சுற்றிக் கப்பலில் நடக்கும் ஆர்க்டிக் சர்க்கிள் போன்றவை. இந்த வகையில் சில இடங்கள் செலவைத் தாங்களே ஏற்கும், சில இடங்கள் உங்களிடம் கட்டணம் வாங்கும். விண்ணப்பிக்கும் முன் இதை முதலில் பாருங்கள், ஏனென்றால் "தேர்வாகிவிட்டீர்கள்" என்ற மின்னஞ்சல் வந்த மகிழ்ச்சியில் அடுத்த பத்தியிலுள்ள தொகை கண்ணில் படாமல் போய்விடும்.

இரண்டாவது, அறிவியல் நிலையங்கள். ஓரிகனில் உள்ள ஹெச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் 2003-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2203 வரை, இருநூறு ஆண்டுகளுக்கு, எழுத்தாளர்கள் அதே காட்டுக்கு வந்து அதே இடங்களைப் பார்த்து எழுதவேண்டும் என்பது திட்டம். மூன்றாவது, அருங்காட்சியகங்கள், உயிரியல் பூங்காக்கள், தாவரவியல் தோட்டங்கள், விதை வங்கிகள். காட்டுக்குப் போகமுடியாதவர்கள் இதைக் குறைவாக நினைக்கவேண்டாம். ஒளிப்படக் கலைஞர் ஜோயல் சார்ட்டோரி 2006-ல் தொடங்கிய ஃபோட்டோ ஆர்க் என்ற படத்தொகுப்பு முழுக்க, பூங்காக்களிலும் காப்பகங்களிலும் பராமரிக்கப்படும் உயிரினங்களைக் கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்கள்தான். எலிக்கும் யானைக்கும் அந்தச் சட்டகத்தில் ஒரே அளவு இடம்.

நான்காவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது: நீங்களே உருவாக்கிக்கொள்வது. ஓர் உயிரினத்துக்காக வேலை செய்யும் ஒரு சிறிய குழுவைத் தேடி, நேரடியாக எழுதிக் கேட்பது. பெயர்பெற்ற ரெசிடென்சிகளில் ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் போட்டி போடுவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ஆமைக் கடற்கரையைக் காத்துக்கொண்டிருக்கும் குழுவிடம் "உங்களோடு வந்து தங்கி வேலை செய்யலாமா" என்று இதுவரை யாரும் கேட்டே இருக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சுவரொட்டி வரைய ஆள் இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் படம் இல்லை. நீங்கள் அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவீர்கள்.

படி 3: விண்ணப்பம்

ஒரு வரியைப் பாருங்கள். "இயற்கைக்கும் மனிதனுக்கும் இடையே உடைந்துபோன உறவை என் கலையின் வழியே ஆராய விரும்புகிறேன்." இந்த வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. தேர்வுக்குழு இதைப் படித்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளமுடியாது.

இப்போது இதைப் பாருங்கள். "பாறு கழுகுக் கூடுகளைக் கண்காணிக்கும் உங்கள் குழுவோடு மூன்று வாரம் தங்க விரும்புகிறேன். காலையில் கணக்கெடுப்புக்கு உதவுவேன், பிற்பகலில் வரைவேன். முடிவில் மாட்டுச் சந்தைகளில் தொங்கவிடக்கூடிய பத்து துணித்திரைகளும், உங்கள் கையேட்டுக்கு வேண்டிய கோட்டோவியங்களும் தருவேன். கூடுகள் இருக்கும் இடம் எந்தப் படத்திலும் அடையாளம் தெரியாது." உயிரினம் இருக்கிறது, நாள் இருக்கிறது, அவர்களுக்குக் கிடைப்பது இருக்கிறது. கடைசி வரி, களத்தின் ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்று சொல்கிறது. அந்த ஒரு வரிக்காகவே உயிரியலாளர் உங்களுக்குப் பதில் போடுவார்.

பருவத்தையும் கேளுங்கள். வலசை வரும் பறவைக்காகப் போய் அது கிளம்பிப்போன மாதத்தில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைய அரசு அனுமதி வேண்டியிருந்தால் அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். ஒட்டுமொத்தமாகவே இது நிதானமான வேலை. கலாபகோஸ் தீவுகளுக்குக் கலைஞர்களை அனுப்பிய குல்பென்கியன் அறக்கட்டளையின் திட்டம் 2007-ல் தொடங்கியது, அந்த வேலைகள் ஒன்றாகச் சேர்ந்து லிவர்பூலில் கண்காட்சியாக வந்தது 2012-ல்தான்.

படி 4: போகும் முன் எழுதி வையுங்கள்

ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். படங்களின் உரிமை யாருக்கு, அந்தக் குழு எவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம், விற்றால் எவ்வளவு பங்கு, வெளியிடும் முன் இட விவரங்களுக்காக யார் பார்த்து ஒப்புதல் தருவார், நீங்கள் களத்தில் யார் சொல் கேட்டு நடக்கவேண்டும், அடிபட்டால் செலவு யாருடையது. உள்ளூர் மக்களின் கதை, பாட்டு, வடிவங்களை எடுத்தாளப் போகிறீர்கள் என்றால் அவர்களிடம் தனியாக அனுமதி கேட்கவேண்டும், பணமும் பெயரும் அவர்களுக்கும் போகவேண்டும். மொழிபெயர்க்க வருபவருக்கும் வழிகாட்டுபவருக்கும் கூலியை உங்கள் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 5: களத்தில்

இங்கேதான் நல்ல மனதோடு வந்தவர்கள்கூடத் தெரியாமல் தீங்கு செய்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கைபேசியிலும் கேமராவிலும் இருப்பிடப் பதிவை முதலில் அணைத்துவிடுங்கள். ஒரு காண்டாமிருகப் படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆயத்தொலைவுகள் வேட்டைக்காரருக்கு வரைபடம் மாதிரி. விலங்குகளுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்கவேண்டாம், அரிய ஆர்க்கிட்டுகளையும் சதைப்பற்றுள்ள சிறு செடிகளையும் இணையப் படங்களை வைத்தே தேடிப்போய்ப் பிடுங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்னணியில் தெரியும் மலைமுகடு, பெயர்ப்பலகை, பாலம் ஆகியவையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஓவியர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, மலையை மாற்றி வரைந்துவிடலாம்.

நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் விலங்கு, செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். கூட்டில் இருக்கும் பறவையைப் படம் எடுக்கவேண்டாம். பறவையின் குரலை ஒலிபரப்பி வரவழைக்கவும் வேண்டாம்: தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நம்பி, அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும். ஆமைக் கடற்கரையில் வெள்ளை விளக்கு கூடாது. பொரித்த குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் நகரும், அது கடலாக இருக்கும் என்பது அவற்றின் கணக்கு. உங்கள் டார்ச் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

தவளைகள் இருக்கும் ஓடைக்குப் போகிறவர்கள் காலணியைக் கழுவி, கிருமிநீக்கி போட்டு, காயவைத்துவிட்டுப் போகவேண்டும். சைட்ரிட் என்ற பூஞ்சை நோயால் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்கள் குறைந்துபோயின, அவற்றில் சுமார் 90 இனங்கள் அழிந்திருக்கவேண்டும் என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தப் பூஞ்சை ஓர் ஓடையின் ஈரச்சேற்றோடு உங்கள் காலணியில் ஏறி அடுத்த ஓடைக்குப் போகும். வௌவால் குகைக்கும் இதே எச்சரிக்கைதான், ஒரு குகைக்குப் போட்ட உடையை அப்படியே இன்னொன்றுக்குப் போடக்கூடாது.

சரி, இனி வேலைக்கு வருவோம். முதல் சில நாட்கள் எதையும் "படைக்க" முயலாதீர்கள். களப்பணியாளர்களோடு நடங்கள். அவர்கள் நாளெல்லாம் செய்வது என்ன என்று பாருங்கள்: எச்சத்தைச் சேகரித்து உறையில் போட்டுத் தேதி எழுதுவது, மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவின் பேட்டரியை மாற்றுவது, மாலையில் அந்த நினைவட்டையைக் கணினியில் போட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் விலங்கே இருக்காது. காற்றில் புல் அசைந்து கேமரா தானாக எடுத்திருக்கும். காலைப் புல், மதியப் புல், இரவில் வெளிறிய புல், மழையில் மடங்கிய புல், நடுவில் எங்கோ ஒரு வால்நுனி. ஆய்வாளருக்கு அவை அழிக்கவேண்டிய குப்பை. ஒரு கலைஞருக்கு, ஓர் உயிரினம் அரிதாகிவிட்டது என்பதன் பொருள் முழுக்க அந்த வெற்றுப் படங்களில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கேளுங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். பெர்னி கிராஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1988-ல் கலிபோர்னியாவின் லிங்கன் மெடோ என்ற புல்வெளியில், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டுவதற்கு முன்பு, ஒருமுறை பதிவு செய்தார். மரங்களை வெட்டிய பின் அடுத்த ஆண்டு அதே நாளில், அதே நேரத்தில் போய் மறுபடி பதிவு செய்தார். கண்ணுக்கு அந்த இடம் மாறியதாகவே தெரியவில்லை. ஒலியில் பறவைகள் பெருமளவு காணாமல் போயிருந்தன. ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். உங்கள் உயிரினத்தின் இழப்பு கண்ணில் தெரிகிறதா, காதில் தெரிகிறதா, மூக்கில் தெரிகிறதா?

படி 6: பொருட்கள்

அருகிவரும் உயிரினத்தை வரைய நீங்கள் பிடித்திருக்கும் தூரிகை எந்த விலங்கின் முடி என்று பார்த்திருக்கிறீர்களா? நீர்வண்ணக்காரர்கள் போற்றும் கோலின்ஸ்கி தூரிகை சைபீரிய மரநாயின் வால்முடி. கீரி முடியிலும் தூரிகை செய்கிறார்கள். இரண்டும், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருப்பவை. செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன, மாறிவிடுங்கள்.

சைட்டிஸ் 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. தந்தம், ஆமையோடு, பவளம், பாம்புத்தோல், சில மரவகைகள் ஆகியவற்றின் ஒரு துண்டு உங்கள் படைப்பில் ஒட்டியிருந்தாலும் எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு தேவைப்படலாம். தரையில் கிடந்த இறகு என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான பறவைகளின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருக்கக்கூடாது. களத்திலிருந்து எதையும் எடுத்துவராமல் வரைந்துகொண்டு வந்துவிடுவதுதான் நல்லது.

பொருளே நன்மை செய்யும்படி அமைக்கவும் முடியும். சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் மெக்சிகோவின் கன்குன் அருகே கடலடியில் வைத்த சிற்பங்கள், பவளம் ஒட்டி வளர ஏற்ற சிமெண்டில் செய்யப்பட்டவை. மூழ்குநீச்சலுக்கு வரும் கூட்டத்தை இயற்கையான பவளத்திட்டுகளிலிருந்து விலக்கித் தன் பக்கம் இழுப்பதும் அந்தத் திட்டத்தின் நோக்கம். உயிரினத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான பதில் சொல்லும் வேலை அபூர்வம்.

படி 7: துக்கம் மட்டும் போதாது

அழிந்தவற்றுக்கு அஞ்சலி செலுத்தும் வேலைகளுக்கு இடம் உண்டு, அவை நேர்மையாக இருந்தால் மனதை உலுக்கும். ஆனால் இன்னும் உயிரோடு இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அதற்கு இப்போதே இரங்கற்பா பாடிவிட்டால், பார்ப்பவர் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1983-ல் அழிவின் விளிம்பிலிருந்த பத்து உயிரினங்களை ஸ்கிரீன் பிரிண்ட் தொடராகச் செய்தார். அதில் இருந்த வெண்தலைக் கழுகு 2007-ல் அமெரிக்காவின் அருகிய உயிரினப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பாண்டாவின் நிலை 2016-ல் ஒரு படி மேம்பட்டது. அதே தொடரிலுள்ள கறுப்புக் காண்டாமிருகம் இன்னும் மிக ஆபத்தான நிலையில்தான் இருக்கிறது. மீண்டவையும் மீளாதவையும் ஒரே சுவரில் இருக்கும்போதுதான் "அப்படியானால் எதைச் செய்ததால் அது மீண்டது" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியை எழுப்பினால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

பலர் கைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005-ல் கம்பளி நூலில் பின்னத் தொடங்கிய பவளத்திட்டில் பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பின்னினார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பவளத்தைப் பின்னியவருக்குப் கடல் சூடாகிப் பவளம் வெளுக்கும் செய்தி வேறு மாதிரிதான் காதில் விழும்.

படி 8: கண்காட்சி

முதல் காட்சி அந்த உயிரினம் வாழும் இடத்துக்குப் பக்கத்தில் நடக்கட்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பள்ளிக்கூட வராந்தா, சந்தை, கூட்டுறவுச் சங்கக் கட்டடம், எதுவானாலும் சரி. அந்த விலங்கோடு வாழ்பவர்கள் பார்த்து "இது அப்படி உட்காராது" என்று சொன்னால் திருத்திக்கொள்ளலாம். யானையோ புலியோ ஒரு வீட்டில் ஆளைக் கொன்றிருக்கும் ஊரில், அதைக் கம்பீரமாக மட்டும் காட்டும் ஓவியம் அந்தக் குடும்பத்தைக் காயப்படுத்தும் என்பதும் அங்கேதான் புரியும். அதன்பின் நகரத்துக்குக் கொண்டுபோங்கள்.

இடமே வேலையின் பகுதியாகலாம். சிற்பி டாட் மக்கிரெய்ன், அழிந்துபோன ஐந்து வட அமெரிக்கப் பறவைகளைப் பெரிய வெண்கலச் சிற்பங்களாகச் செய்து, அந்தந்தப் பறவை கடைசியாக இருந்த பகுதிகளிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

விளக்க அட்டையில் உயிரினத்தின் உள்ளூர்ப் பெயர், சிவப்புப் பட்டியல் நிலை, அது மதிப்பிடப்பட்ட ஆண்டு, அழிவின் காரணம் ஆகியவை இருக்கட்டும். ஆண்டைப் போடாமல் விடாதீர்கள், நிலை மாறிக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்க யானை என்று ஒரே இனமாகப் பட்டியலில் இருந்ததை 2021-ல் இரண்டு இனங்களாகப் பிரித்தார்கள், பழைய அட்டைகள் எல்லாம் அன்றே தவறாகிவிட்டன. அட்டையின் கடைசி வரியில், பார்ப்பவர் செய்யக்கூடிய ஒரே ஒரு செயலைச் சொல்லுங்கள். "இயற்கையை நேசிப்போம்" என்பது செயல் இல்லை. "மாட்டுக்கு ஊசி போடும்போது என்ன மருந்து என்று கேளுங்கள், மெலாக்சிகாம் கேளுங்கள்" என்பது செயல்.

விற்பனை இருந்தால் "வருமானத்தில் ஒரு பகுதி பாதுகாப்புக்கு" என்று மழுப்பலாக எழுதவேண்டாம். எந்தக் குழுவுக்கு, எத்தனை சதவீதம், விற்பனை விலையிலா அல்லது செலவு போக மிச்சத்திலா, எந்தத் தேதிக்குள், எதற்காக என்று சுவரிலேயே போடுங்கள். காட்சிக்கூடத்தின் கமிஷன் விலையில் பாதி வரைகூடப் போகும் என்பதால் இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெரிய ஃபிளெக்ஸ், தெர்மாகோல், பலூன் இவை இல்லாமலும் திறப்பு விழா நன்றாகவே நடக்கும்.

படி 9: இறக்கி வைத்த பின்

படங்களைச் சுவரிலிருந்து இறக்கிய வாரத்திலேயே, தெளிவான கோப்புகளைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள், எழுதி ஒப்புக்கொண்ட உரிமையோடு. தேதியும் நேரமும் குறித்த உங்கள் கோட்டோவியங்களும் ஒலிப்பதிவுகளும் அவர்களுக்குத் தரவுகளாகவும் பயன்படலாம். களத்தில் உங்களோடு நடந்தவர்களுக்கு, முக்கியமாகக் காவலர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும், அவர்கள் இருக்கும் படத்தின் ஓர் அச்சுப்பிரதி போகவேண்டும். ஆறு மாதம் கழித்துக் குழுவிடம் கேளுங்கள்: எந்தப் படத்தைப் பயன்படுத்தினீர்கள், எது பயன்படவில்லை, யாராவது அதைப் பார்த்துவிட்டு வந்து பேசினார்களா? பயன்படாததைப் பற்றித்தான் அதிகம் கேளுங்கள்.

அடுத்த விண்ணப்பத்துக்குப் புது உயிரினம் தேடவேண்டாம். அதே குழுவிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள். அறிமுகத்துக்கே செலவாகும் முதல் வாரம் மிச்சமாகும், போன முறை தவறவிட்ட பருவத்தில் போகலாம், அப்புறம் இந்த முறை என்ன வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.